சுத்தமானவனுக்குப் பெயர் இல்லை

பொழிலனுக்கு இந்த வாரம் பெயர் அக்ஷய். போன வாரம் லோகித். அதற்கு முந்தின வாரம் காலையில் தேஜஸ், மத்தியானம் ரிஷிவர்தன். இரண்டு மாப்பிள்ளைகளுக்கும் ஒரே நாளில் நிச்சயதார்த்தம் வந்து தொலைத்ததால் டபுள் டியூட்டி.

"வாங்க அக்ஷய்," என்றாள் கவுன்ட்டரில் இருந்த யாழ்மொழி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "போன வாரத்துக்கு இப்ப கொஞ்சம் இளைச்சிருக்கீங்க."

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் பஞ்சு சுற்றிய குச்சியை நீட்டுகிறாள்.

வேளச்சேரிப் படகுத்துறைக்கு எதிரே இருந்தது அந்தக் கொடிவழி மையம். கடல் வேளச்சேரி வரை வந்துவிட்ட காலம் அது. கல்யாணம் நிச்சயிக்கும் முன் மாப்பிள்ளை அங்கே வந்து, திரைக்குப் பின்னால் நின்று, இடுப்புக்குக் கீழே குச்சியால் ஒரு துடைப்புத் துடைத்துக் குழாயில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போகவேண்டும். மெஷின் 'சுத்தம்' என்று சொன்னால்தான் பெண் வீட்டில் தாம்பூலம் மாற்றுவார்கள். ஜாதகப் பொருத்தம் போய்க் கொடிப் பொருத்தம் வந்திருந்தது.

பொழிலன் சாம்பார் கொண்டுபோகும் ட்ரோன்களை ரிப்பேர் செய்கிறவன். வயது முப்பத்து நாலு. பெண் வாடை படாதவன். விரதமெல்லாம் ஒன்றுமில்லை, எந்தப் பெண்ணும் அவனை இரண்டாம் முறை திரும்பிப் பார்த்ததில்லை, அவ்வளவுதான். டீக்கடையில் அவனை அரை மணி நேரம் பேசவிட்டு இந்த உண்மையைக் கண்டுபிடித்தவர் கல்யாண புரோக்கர் 'பொருத்தம்' பிரசன்னா. "தம்பி, நீ மனுஷன் இல்லடா, சொத்து," என்று அன்றைக்கே தோளில் கை போட்டுவிட்டார். அதிலிருந்து ஊர் மாப்பிள்ளைகள் பாதிப்பேருக்குப் பொழிலன்தான் குச்சி கொடுக்கிறான்.

"ஒண்ணு கேட்கலாமா?" என்றான் குழாயை நீட்டியபடி. "இந்த மெஷின் அப்படி என்னதான் பார்க்குது?"

யாழ்மொழி நிமிர்ந்தாள். நுண்ணுயிரியல் முதுகலை படித்துவிட்டு நாளெல்லாம் குச்சி வாங்கிக்கொண்டிருப்பவளிடம் அதுவரை யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

"இந்தக் கிருமி நம்ம ஊர்க்காரன். நூத்தம்பது வருஷத்துக்கு முன்னாடி ஒரு வெள்ளைக்கார டாக்டர் மதராஸ்ல உட்கார்ந்துதான் இதை முதல்ல மைக்ராஸ்கோப்ல பார்த்தார். மூடின சேஃப்டி பின் மாதிரி இருக்கும். மறைவான இடத்துல சிவப்பா ஒரு புண்ணு வரும். தொட்டா ரத்தம் கசியும். ஆனா வலிக்காது. அதான் வம்பே. வலிச்சா டாக்டர்கிட்ட ஓடுவான். வலிக்கலைன்னா மனுஷன் எதை வேணாலும் வருஷக்கணக்கா மூடி வெச்சுப்பான். அது பாட்டுக்கு அரிச்சிட்டே போகும்."

"எப்படிப் பரவும்?"

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "அக்ஷய், நீங்க நெஜமாவே சுத்தம்தான்."

பொழிலனின் காது மடல்கள் சிவந்ததும் அவளே இரக்கப்பட்டுத் தொடர்ந்தாள். "ஒழிஞ்சு போச்சுன்னு எல்லாரும் கையைக் கழுவினப்புறம் இது புது அவதாரம் எடுத்து வந்துச்சு. நம்ம ரத்தத்துல இருக்கிற வெள்ளை அணுவுக்குள்ள போய்க் குடித்தனம் பண்ணும். பண்ணிட்டுச் சும்மா காலி பண்ணாது. குடியிருந்த வீட்டுலேருந்து ஒரு செங்கல்லைப் பேத்துக்கிட்டு அடுத்த வீட்டுக்குப் போகும். அங்கேருந்து இன்னொண்ணு. மெஷின் அந்தச் செங்கல்லையெல்லாம் வரிசையா அடுக்கும். எந்தச் செங்கல் யார் வீட்டுதுன்னு அரசாங்கத்துக்குத் தெரியும். எல்லார் மரபணுவும் அவங்ககிட்ட இருக்கு, அதோட நகல் மெஷினுக்குள்ளயும் இருக்கு. இவன் அவகிட்டேருந்து, அவ அவன்கிட்டேருந்து, அவன் இன்னொருத்திகிட்டேருந்து. மொத்த வண்டவாளமும் பேரோட வந்துடும்."

"கிருமி இல்லைன்னா?"

"ஆணா பெண்ணான்னு மட்டும் சொல்லும். யாருன்னு சொல்லாது. தனிமனித ரகசியச் சட்டம். கிருமி இருக்கிறவனுக்கு அந்தச் சட்டம் செல்லாது. அதனாலதான்," குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள், "சுத்தமானவனுக்குப் பேர் இல்லை. யார் பேரை வேணாலும் ஒட்டிக்கலாம்."

அந்த ஓட்டையில்தான் பிரசன்னா மூன்று மாடி பங்களா கட்டியிருந்தார்.

"தெரிஞ்சும் ஏன் சும்மா இருக்கீங்க?"

"எங்க மாடி வீட்டுல ஓவியான்னு ஒரு நர்ஸ் இருந்தா. புருஷன் குடுத்த புண்ணு. மாத்திரை கேட்டுப் போனா. மெஷின் சீட்டு இல்லாம மாத்திரை கிடையாது. சீட்டு போட்டா சங்கிலியில இருக்கிற எல்லார் வீட்டுக்கும் ஒரு நகல் போயிடும். புருஷன் பேரும்தான் அதுல இருந்துச்சு. ஆனா வீட்டை விட்டு யாரைத் துரத்தினாங்கன்னு கேளுங்க."

"யாரை?"

"சுத்தம், சுத்தம்," என்றாள் யாழ்மொழி. "இந்த மெஷினை ஏமாத்த ஒருத்தர் வாரா வாரம் வர்றார்னா எனக்கு மனசுக்குக் குளிர்ச்சியா இருக்கு. அடுத்த வாரம் என்ன பேரு?"

"யஷ்வந்த். ஆனா சொந்தப் பேரு பொழிலன்."

"கவுன்ட்டர்ல எனக்கு நீங்க யாரோ ஒரு மாப்பிள்ளைதான். அந்தப் பேரை வெளியில சொல்லுங்க."

வெளியில் சொன்னான். படகுத்துறையில், பிறகு படகில், பிறகு அவள் வீட்டில். அவள் கணவன் ஹர்ஷித் விவாகரத்து வாங்கிப் போய் நாலு வருஷம் ஆகியிருந்தது. ஏழு வயதில் நறுமுகை என்று ஒரு மகள். கவுன்ட்டரில் மட்டும் பழையபடி யஷ்வந்த், பிரணவ், ஆத்ரேயன். மாப்பிள்ளைகளின் பெயரில் காதலிக்கப்படுவதிலும் ஒரு ருசி இருந்தது. ஒரே ஆள், அதுவும் மெஷினைக் காவல் காக்கும் ஆள். இதில் என்ன கிருமி வரப்போகிறது என்று பொழிலன் தொழிலையும் விடவில்லை.

சில மாதம் கழித்து ஒரு காலையில் குளிக்கும்போது பார்த்தான். சிவப்பாக, பட்டாணி அளவில். வலிக்கவில்லை.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மையத்தில் யாரும் இல்லை. யாழ்மொழி குச்சியை வாங்கினாள். நெட்வொர்க் ஒயரைப் பிடுங்கினாள், பிரிண்டரை அணைத்தாள், மெஷினை ஓட்டினாள். திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு வெகுநேரம் படித்தாள். முகத்தில் முதலில் ரத்தம் வற்றியது. பிறகு, மேலிருந்து கீழே படிக்கப் படிக்க, புருவம் உயர்ந்துகொண்டே போனது.

"என்கிட்டேருந்துதான்," என்றாள் கடைசியில். "எனக்கு ஹர்ஷித் குடுத்திருக்கான். உள்ளே, என் கண்ணுக்கே படாத இடத்துல நாலு வருஷமா உட்கார்ந்திருக்கு. தினம் ஊருக்கே மெஷின் ஓட்டுறேன் பொழிலன். ஒரு தடவையாவது என் குச்சியை வெச்சுப் பார்க்கணும்னு தோணல. கிருமின்னா கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் இருக்கிறவங்களுக்கு வர்றதுன்னு நினைச்சுட்டேன்."

"உங்களுக்கு வலிக்குதா?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. "வலிக்காதுன்னுதான் முதல் நாளே சொன்னேனே, மண்டு."

"மாத்திரை?"

"வாரத்துக்கு ஒரு வேளை. மூணு வாரம், இல்லைன்னா புண்ணு ஆறுற வரைக்கும். நூறு வருஷப் பழைய மாத்திரை. தலைவலி மாத்திரையை விட மலிவு. ஆனா சீட்டு வேணும். சீட்டு போட்டா நகல் ஹர்ஷித் வீட்டுக்குப் போகும். அவன் அம்மா அதை எடுத்துக்கிட்டு நேரா கோர்ட்டுக்குப் போவாங்க. சங்கிலியில பேர் வந்த தாய்கிட்ட பிள்ளையை விடக்கூடாதுன்னு சட்டம் இருக்கு."

"அவன் பேரும் வருமே."

"அப்பா பேர் வந்தா பிள்ளையைப் பறிக்கணும்னு எந்தச் சட்டத்துலயும் இல்லை."

கள்ளச் சந்தையில் பார்க்கலாமா என்றான். அங்கே கிடைப்பது சுண்ணாம்பு உருண்டை என்றாள். மாத்திரை இல்லாவிட்டால் உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக அரித்துப் போகும். மாத்திரை வாங்கினால் நறுமுகை போவாள். இரண்டுக்கும் நடுவில் யாழ்மொழி உட்கார்ந்திருந்தாள்.

அந்த நேரம் பார்த்துக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார் பொருத்தம் பிரசன்னா. சந்தனமும் வியர்வையும் கலந்து மணத்தார்.

"தம்பி, உன் ஜாதகத்துலயே பெரிய நாள்டா நாளைக்கு. தீபக்ராஜ் ஐயா வீட்டுச் சம்பந்தம்."

தீபக்ராஜ் ஐயா கொடித்தூய்மைச் சங்கத்தின் நிறுவனத் தலைவர். அறுபத்தெட்டு வயது, வெள்ளை வேட்டி, வெள்ளை மீசை. கொடிப் பொருத்தத்தை வீட்டுக்கு வீடு பரப்பியவர், சீட்டு இல்லாமல் மாத்திரை இல்லை என்ற சட்டத்துக்காக உண்ணாவிரதம் இருந்தவர். மூன்றாம் நாள் இளநீர் கொடுத்து அவர் விரதத்தை முடித்துவைத்த படம் எல்லாப் படகிலும் ஒட்டியிருக்கும். அவருடைய பேத்திக்குத்தான் நாளைக்கு நிச்சயம்.

"அதுல பாரு, ஐயா புதுசா ஒண்ணு கிளப்பிட்டார். நேரடிப் பொருத்தம். மண்டபத்துக்கே மெஷினைக் கொண்டுவந்து, மேடையில வெச்சு, பெரிய திரையில எல்லார் முன்னாடியும் ஓட்டணுமாம். மாப்பிள்ளைப் பையன் வியான் போன வருஷம் கோவா போயிட்டு வந்தவன். அவங்க அம்மா என் காலைப் பிடிச்சுட்டு அழறாங்க. மேடைக்குப் பின்னாடி ரூம், ரூம்ல பாத்ரூம், பாத்ரூம்ல நீ. குச்சியை வாங்கறது நம்ம யாழ்மொழி மேடம்தான். அல்வா மாதிரி வேலை."

"அண்ணே, நாளைக்கு என்னால முடியாது," என்றான் பொழிலன்.

"வருவார்," என்றாள் யாழ்மொழி.

பிரசன்னா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பார்த்து ஏதோ புரிந்துகொண்டதாக நினைத்துச் சிரித்தார். புரியவில்லை. போய்விட்டார்.

"யாழ்மொழி, என் குச்சியை வெச்சா என் பேர் வரும். அடுத்து உங்க பேர் வரும். ஆயிரம் பேர் பார்ப்பாங்க."

"தெரியும்."

"நறுமுகை?"

"அவளுக்காகத்தான். சங்கிலியில நமக்கு மேலயும் ஆளுங்க இருக்காங்க பொழிலன். இப்ப படிச்சேன்."

"யாரு?"

அவள் ஒயரைத் திரும்பச் செருகினாள். "உங்களுக்கு முகத்துல எதையும் மறைக்கத் தெரியாது. நாளைக்குச் சொல்றேன். மெஷின் போடறதுக்கு முன்னாடி பந்தியில உட்கார்ந்துடுங்க. அப்புறம் சாப்பாடு நடக்குமான்னு சந்தேகம்."

மண்டபம் பள்ளிக்கரணை மேட்டில் இருந்தது. பொழிலன் பந்தியில் உட்கார்ந்து ஒரு பிடி கூட இறங்காமல் எழுந்து, பாத்ரூமுக்குள் போய் ஒளிந்துகொண்டான். கொஞ்ச நேரத்தில் பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி வியான் உள்ளே வந்தான்.

"அண்ணா, ரொம்ப தேங்க்ஸ்ணா. நீங்கதான் எனக்குக் கடவுள்."

"கோவாவுல என்னப்பா பண்ணின?"

"ஞாபகம் இல்லைண்ணா. அதான் பயமே."

வெளியே மைக்கில் சங்கத்தின் காரியதரிசி ஷாலினி மாமியின் குரல் தேன் சொட்டியது. "இன்று ஒரு வரலாற்று நாள். ஒளிவு மறைவு இல்லாத முதல் நிச்சயதார்த்தம்." கைதட்டல். யாழ்மொழி கதவைத் தட்டிக் குச்சியை வாங்கிக்கொண்டாள். பொழிலனின் விரலை ஒரு கணம் இறுக்கிப் பிடித்துவிட்டுப் போனாள். அவன் கதவிடுக்கில் கண்ணை வைத்தான்.

மெஷின் ஓடியது. திரையில் எழுத்து வந்தது.

ஆண். கிருமி உண்டு.

மண்டபம் மூச்சை உள்ளே இழுத்தது. பிரசன்னா உட்கார்ந்த நாற்காலி கிறீச்சிட்டது. அடுத்த வரி: பொழிலன்.

"பொழிலனா? அது யாரு?"

"வீட்டுல கூப்பிடற பேரு," என்றாள் வியானின் அம்மா, கண் இமைக்காமல்.

கதவுக்குப் பின்னால் பொழிலன் தன் பெயரைப் பார்த்தான். எத்தனையோ தடவை குச்சி கொடுத்திருக்கிறான். அவன் பெயர் அந்தத் திரையில் வருவது இதுதான் முதல் தடவை. அதற்குக் கீழே அடுத்த வரி மெதுவாக எழுதப்பட்டது: யாழ்மொழி.

"மெஷின் ஓட்டற பொண்ணு பேருங்க இது," என்று யாரோ கத்தினார்கள். ஆயிரம் தலை ஒரே பக்கம் திரும்பியது. யாழ்மொழி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பெண் வீட்டுப் பெரியம்மா ஒருத்தி, "தூ, நீயெல்லாம் ஒரு பொம்பளை. நிறுத்துங்க அதை," என்றாள்.

"நிறுத்த வேண்டியதில்லை," என்றாள் யாழ்மொழி. "ஐயா சொல்லட்டும்."

தீபக்ராஜ் ஐயா எழுந்தார். மைக்கை வாங்கினார். மேடையில் அவருக்கு எப்போதும் வரும் அந்தப் பெருந்தன்மையான சோகம் முகத்தில் வந்து உட்கார்ந்தது.

"முழுசா ஓடட்டும். கிளையைப் பார்த்துட்டு விட்டுடக்கூடாது. வேர் வரைக்கும் பார்க்கணும். நம்ம சங்கத்தோட கொள்கையே அதுதான்."

பலத்த கைதட்டல். அடுத்த பெயர்: ஹர்ஷித்.

பந்திப் பக்கம் ஒரு பாத்திரம் விழுந்து உருண்டது. சங்கத்தின் எல்லா விழாவுக்கும் சமையல் கான்ட்ராக்ட் எடுக்கிற ஹர்ஷித் பாயச வாளியோடு நின்றிருந்தான். இப்போது வாளி மட்டும் இருந்தது.

அடுத்த பெயர்: ஷாலினி.

தேன் குரல் இருமலானது. "ஷாலினின்னு ஊர்ல எத்தனையோ பேர் இருக்காங்க," என்றாள் மாமி. மெஷின், யாரும் கேட்காமலே, பெயருக்குப் பக்கத்தில் கதவு எண்ணையும் தெருவையும் போட்டது.

"ஐயா, போதுமே," என்று மாமி மைக்குக்கு வெளியே சொன்னது மைக்கில் கேட்டது.

அடுத்த பெயர்: தீபக்ராஜ்.

அதற்குக் கீழே இன்னொரு வரி தொடங்கப் போவதற்கு அடையாளமாகக் கோடு துடித்துக்கொண்டிருந்தது. அறுபத்தெட்டு வயது மனிதர் அவ்வளவு வேகமாக மேடையைக் கடந்து போக முடியும் என்று யாரும் நினைத்திருக்கமாட்டார்கள். அவரே குனிந்து, அவரே ஒயரைப் பிடுங்கினார்.

நிமிர்ந்தபோது மூச்சு வாங்கினாலும் மீசை கலையவில்லை. "மெஷின் கோளாறு," என்றார். "இந்த மெஷினை நம்பினது நம்ம தப்பு."

ஒரு கணம் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சாய்ந்திருக்கக்கூடிய மௌனம். பிறகு மூன்றாவது வரிசையிலிருந்து ஒருவன் எழுந்து கைதட்டினான். அக்ஷய். அவனுக்குப் பின்னால் லோகித். அந்த ஓரத்தில் தேஜஸ், ரிஷிவர்தன், யஷ்வந்த். பொழிலன் யார் யார் பெயரில் குச்சி கொடுத்தானோ அத்தனை பேரும் எழுந்து, புது மனைவிமார் பார்த்துக்கொண்டிருக்க, உயிரே போகிறமாதிரி கைதட்டினார்கள். "கோளாறுதான் ஐயா, சுத்தக் கோளாறு."

தீபக்ராஜின் மனைவி பிரியதர்சினி அம்மாள் மட்டும் கைதட்டவில்லை. "மெஷின் கோளாறுன்னா ஷாலினி ஏன் செருப்பைக் கூடப் போடாம ஓடறா?" என்று பக்கத்தில் இருந்தவளிடம் நிதானமாகக் கேட்டாள்.

யாழ்மொழி பாத்ரூம் கதவைத் திறந்தாள். "நம்ம பேரை இப்ப யாரும் ஞாபகம் வெச்சிருக்க மாட்டாங்க," என்றாள். "சாப்பிட்டீங்களா?"

ஐயாவின் பெயரைக் காப்பாற்ற மெஷின் பொய் என்று சட்டமே சொல்ல வேண்டியிருந்தது. தொழில்நுட்பக் காரணங்களுக்காக என்று ஒரு வரியில் கொடிவழிச் சட்டத்தை அரசாங்கத்தில் வாபஸ் வாங்கினார்கள். சீட்டு இல்லாமலே மாத்திரை என்று மருந்துக்கடைகளில் போர்டு தொங்கியது. ஹர்ஷித்தின் அம்மா கோர்ட்டுக்கு எடுத்துப்போக எதுவும் இல்லை. கோளாறான மெஷினில் வந்த மருமகள் பெயரை நீட்டினால், அதே மெஷினில் வந்த மகன் பெயரையும் ஐயாவின் பெயரையும் சேர்த்து நீட்டவேண்டும். வக்கீல் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

மெஷின் பொய் என்று அறிவித்தவர்கள், மெஷின் சொன்னதைக் கேட்டு வெளியே துரத்தப்பட்டவர்களைத் திரும்பக் கூப்பிடவில்லை. ஓவியா கும்மிடிப்பூண்டியில் ஒரு ஒற்றை அறையில் இருந்தாள். யாழ்மொழிதான் தேடிப்போய் மாத்திரை கொடுத்தாள். "அப்ப என் புருஷன் வீட்ல மன்னிப்புக் கேட்பாங்களா?" என்று ஓவியா கேட்டாளாம்.

ஆனால் யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. பெயர் கேட்கமாட்டார்கள் என்று தெரிந்ததும் மருந்துக்கடை வாசலில் வரிசை நின்றது. அக்ஷய் நின்றான், அவன் மாமனார் நின்றார். ஒருவரை ஒருவர் பார்க்காத மாதிரி இருவரும் மேகத்தைப் பார்த்தார்கள். வியான் ஒரு வேளைக்கு இரண்டு வேளையாக வாங்கிக்கொண்டான். தீபக்ராஜ் ஐயாவின் டிரைவர் வந்து, "எனக்குத்தான்," என்று மூன்று தடவை சொல்லிவிட்டு வாங்கிப் போனார். மெஷின் இருந்தவரை மறைந்து மறைந்து வளர்ந்த கிருமி, மெஷின் செத்த சில மாதங்களில் ஊரைக் காலி பண்ணியது. காலி பண்ணும்போது எடுத்துப்போன செங்கற்களை எண்ண யாரும் இல்லை.

பிரசன்னா மட்டும் படகுத்துறையில் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "திரும்ப ஜாதகத்துக்கே போயிட்டாங்கடா தம்பி. உனக்குச் செவ்வாய் தோஷம் இல்லையே? இருந்தாலும் பரவாயில்லை, அதுக்கு நான் வேற ஆள் பிடிச்சுப்பேன்."

மையத்தைக் காலி பண்ணும் நாளில் பொழிலன் சாமான் தூக்க வந்தான். யாழ்மொழி மெஷினை வண்டியில் ஏற்றும் முன் கடைசியாக ஒரு குச்சியை நீட்டினாள். "ஆறிடுச்சான்னு பார்த்துடலாம்."

ஓட்டினார்கள். ஆண், சுத்தம், என்றது மெஷின். அதற்குமேல் திரை காலியாக இருந்தது.

"அவ்வளவுதானா?" என்றான். குரலில் எட்டிப்பார்த்த ஏமாற்றம் அவனுக்கே வெட்கமாக இருந்தது.

"வேற என்ன வேணும்?"

"இல்லை. அன்னைக்கு மண்டபத்துல, கதவுக்குப் பின்னாடி நின்னுட்டு, உயிர் போற பயம். அப்பவும் என் பேரும் அதுக்குக் கீழ உங்க பேரும் அவ்வளவு பெரிய எழுத்துல வந்ததும், கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கேன்னு ஒரு நிமிஷம் தோணிச்சு."

யாழ்மொழி மெஷினின் ஒயரைப் பிடுங்கி, சுருட்டி, வண்டிக்காரனிடம் கொடுத்தாள். பிறகு, வெறும் மேஜையாகிவிட்ட கவுன்ட்டருக்குப் பின்னால் போய், வாராவாரம் நிற்கும் அதே இடத்தில் நின்றாள். பழக்கதோஷத்தில் பொழிலனும் எதிர்ப்பக்கம் போய் நின்றான், இன்றைக்கு எவன் பெயரோ என்று.

"வாங்க, பொழிலன்," என்றாள்.